நீர்ப்பறவை எதுவும் தென்படவில்லை

2014ஆம் வருடம் மார்ச் மாதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, சேலையூர் அரிகிருஷ்ணனின் கண்ணுக்குப் பறவைகள் தெரியாமல் போயின. அந்த நேரத்தில் அவர் நாவலூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் நான்காவது மாடியில், ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் ஒரு மைனா நின்று கத்திக்கொண்டிருந்தது. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது ஏசி பெட்டி இருந்தது, மைனா இல்லை. பறந்து போயிருக்கும் என்று நினைத்தார். ஆனால் கத்தல் மட்டும் அதே இடத்திலிருந்து, அதே பிடிவாதத்தோடு வந்துகொண்டிருந்தது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவர் குடித்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது.

அரிகிருஷ்ணன் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர். ஃபார்மலின் பாட்டில்களைத் துடைப்பது, நுண்ணோக்கிகளுக்கு உறை போடுவது, கண்ணாடி அலமாரியில் பஞ்சு அடைத்து வைத்திருந்த நாற்பத்துமூன்று பறவைகளுக்கு வருடம் இருமுறை அந்துருண்டை மாற்றுவது ஆகியவை அவருடைய வேலைகள். அந்த நாற்பத்துமூன்றைப் பார்த்துத்தான் அவர் பறவைகளைக் கற்றார். பிறகு உயிருள்ளவற்றைப் பார்க்கும் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூர் தாண்டிக் கிழக்கே திரும்புவார். அங்கே பக்கிங்காம் கால்வாயை ஒட்டி வெள்ளைத்திட்டு என்று ஒரு சதுப்பு இருந்தது. ஒரு காலத்தில் உப்பளம். அளத்துக்காரர்கள் அதை விட்டுவிட்டுப் போன பிறகு, கோவளம் முகத்துவாரத்தில் ஏறி வரும் கடல் தண்ணீரும் மேற்கிலிருந்து வடியும் மழைத் தண்ணீரும் அதில் கலந்து நின்றன. இருபது வருடத்தில் அவர் அங்கே நூற்றெழுபத்தொரு வகைப் பறவைகளைப் பார்த்து, நாள், நேரம், எண்ணிக்கை, படம் சகிதம் இருபத்திரண்டு நோட்டுப் புத்தகங்களை நிரப்பியிருந்தார். சேலையூரின் பூர்வீகக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. வயலெல்லாம் மனையாகிப் போய், அவர் பங்குக்கு ஒரு மாடி வீடு மிஞ்சியிருந்தது. மனைவி ஹேமாவதி. அவளுடைய அண்ணன் மோகன்ராஜ் நிலம் வாங்கி விற்கிற தொழிலில் இருந்தார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அடையாறில் பறவை ஆர்வலர்கள் கூடுவார்கள். அரிகிருஷ்ணன் இரண்டு பஸ் மாறிப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடக்கும். அவருக்குப் புரியும், ஆனால் பேச வராது. பறவைகளின் லத்தீன் பெயர்களை மட்டும் யார் தப்பாகச் சொன்னாலும் திருத்துவார். அதற்குச் சிலர் சிரிப்பார்கள். கேலியாகச் சிரிப்பதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவரோடு பஸ்ஸில் வரும்.

திட்டில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. கிழக்குக் கரையில் எழுபது வீடுகள் கொண்ட சின்னத்திட்டுக்குப்பத்தைச் சேர்ந்த ஜோதிலட்சுமி. அவள் புருஷன் தாமோதரன் கழிமுகத்தில் ஃபைபர் படகில் போய் வலை வீசுவான். அவள் திட்டின் முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி நடந்து கையால் இறால் தடவுவாள். பிடித்ததை நாவலூர் சிக்னல் ஓரத்தில் விற்பாள். 2009இல் அரிகிருஷ்ணனின் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டபோது புருஷனும் பெண்டாட்டியும் இழுத்துக் கரையேற்றினார்கள். அன்றிலிருந்து பழக்கம். நாளெல்லாம் குனிந்தே இருப்பவள் என்றாலும் திட்டில் எந்த மூலையில் எது வந்து இறங்கியது என்று அவளுக்குத் தெரியும். லத்தீன் பெயர் தெரியாது. அவளாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிவால் வாத்துக்கு 'ஈர்க்குச்சி', கரண்டிவாயனுக்கு 'சட்டுவம்', பூநாரைக் கூட்டத்துக்கு 'கல்யாண வூடு'.

2013 ஜனவரி பதின்மூன்றாம் தேதி போகி. புகை நாவலூரிலிருந்து திட்டு வரைக்கும் வந்து தண்ணீரின் மேல் படுத்திருந்தது. அரிகிருஷ்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளான் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி தண்ணீரிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தாண்ட பாரு. தலையில கோடு போட்டது அஞ்சு கீது. கூட ஒண்ணு வேற மாதிரி கீது. மூஞ்சில சுண்ணாம்பு தடவினு வந்துகீது."

ஐந்தும் வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வருகிறவை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை திட்டில் இறங்கும். ஆறாவது, அரிகிருஷ்ணன் அதுவரை புத்தகத்தில் மட்டுமே பார்த்தது. அலகின் அடியைச் சுற்றி வெள்ளைப் பட்டை, வயிற்றில் கரிக்கோடுகள், ஆரஞ்சுக் கால். வெண்நெற்றி வாத்து. சைபீரியாவில் முட்டையிடுகிற ஜாதி. இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. அவர் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அதைப் பார்த்து, இறகு இறகாகப் படம் வரைந்தார். ஜோதிலட்சுமி அன்று இறாலை விட்டுவிட்டு, நாய்கள் அந்தப் பக்கம் போகாமல் விரட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் படத்தைக் கொடுத்தார். ஆர்வலர்களின் பதிவுக் குழு பரிசீலித்தது. போகிப் புகையில் பார்த்தது என்பதாலும், புகைப்படம் இல்லை என்பதாலும் பதிவை ஏற்க இயலவில்லை என்று மரியாதையாகத் தெரிவித்தார்கள். அதே கூட்டத்தில், அவர் பார்த்து ஒன்பது நாள் கழித்து ஷீலா என்கிற பெண்மணி பெரிய லென்ஸ் வைத்து எடுத்த படம் திரையில் காட்டப்பட்டது. அதே வாத்து, அதே தண்ணீர். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பத்திரிகையில் ஷீலாவின் பெயர் வந்தது. ஷீலா நல்லவர். விஷயம் தெரிந்ததும் அவரிடமே வந்து, "நீங்க ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே சார், ஃபோன்லயாவது" என்றார். அரிகிருஷ்ணனின் ஃபோனில் கேமரா கிடையாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மறந்துவிட்டேன் என்று சொன்னார். ஜோதிலட்சுமியிடம் இதைச் சொன்னபோது அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தான் பார்த்ததாகத் தானே வந்து சொல்வதாகவும், எந்த ஆபீஸ், எந்த பஸ் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னாள். அவர் சொன்னதை உலகத்தில் நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருடக் கடைசியில் வெள்ளைத்திட்டில் மஞ்சள் கொடிகள் நட்டார்கள். பட்டா நிலம் என்றும், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தேங்கும் மேட்டுப் பூமி என்றும், அறுநூற்று நாற்பது வீடுகள் வரப்போவதாகவும் பலகை வைத்தார்கள். குப்பத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இது சதுப்பு, வருடம் முழுக்கத் தண்ணீரும் பறவையும் இருக்கிற இடம் என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும் என்றார் அவர்களுடைய வக்கீல். ஜோதிலட்சுமியும் தாமோதரனும் ஒரு பை நிறையக் காய்ந்த இறாலை எடுத்துக்கொண்டு சேலையூருக்கு வந்தார்கள். அரிகிருஷ்ணனின் வீட்டுக்கு அவர்கள் வந்தது அந்த ஒரு தடவைதான். தாமோதரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஜோதிலட்சுமிதான் பேசினாள். இருபத்திரண்டு நோட்டையும் கொண்டுவந்து ஜட்ஜிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அரிகிருஷ்ணன் வருவதாகச் சொன்னார். அதை மனதாரத்தான் சொன்னார். ஹேமாவதி எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து மோகன்ராஜ் வந்தார். கம்பெனியும் கோர்ட்டில் ஓர் ஆய்வறிக்கை தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பறவை நிபுணர் தேவைப்பட்டார். மோகன்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"அந்த அடையாறு கேமராக்காரங்க யாரையும் கேக்கல மாப்ள. உன்னத்தான் கேட்டாங்க. இருபது வருஷமா அந்த எடத்தைத் தெரிஞ்சவரு யாருன்னு விசாரிச்சு, உன் பேரைத்தான் எடுத்திருக்காங்க."

கடிதத்தின் தலைப்பில், 'பறவையியல் வல்லுநர் திரு. அரிகிருஷ்ணன் அவர்களுக்கு' என்று அச்சிட்டிருந்தது. அதை அவர் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்துப் படித்ததாக ஹேமாவதி பின்னாளில் சொன்னாள்.

மூன்று நாள் கம்பெனி ஜீப்பில் திட்டைச் சுற்றினார். எல்லோரும் அவரை சார் என்று கூப்பிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். அது மார்ச் ஆரம்பம். வாத்துகள் வடக்கே போய்விட்டிருந்தன என்றாலும் பழக்கதோஷத்தில் அவர் முதல் நாளே எண்ணினார். ஆயிரத்து நூற்று நாற்பது பறவைகள் தேறின. அறிக்கையைக் கம்பெனியே டைப் அடித்துக் கொண்டுவந்தது. அதில், ஆய்வுக் காலத்தில் நீர்ப்பறவை எதுவும் தென்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. அரிகிருஷ்ணன் அந்த வரியின் மேல் சிறிது நேரம் விரலை வைத்திருந்தார். கேளம்பாக்கம் உப்பளம் இருக்கிறது, முட்டுக்காடு இருக்கிறது, இறக்கை உள்ளவை எங்கேயாவது போய் இறங்கிக்கொள்ளும் என்று நினைத்தார். கீழே அவர் பெயரும் வல்லுநர் பட்டமும் கறுப்பு மையில் தடித்த எழுத்தில் இருந்தன. கையெழுத்துப் போட்டார். அப்போது மணி பதினொன்றே கால்.

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கடைசி வரிசை எழுத்துகளைக்கூட அவர் கண்ணாடி இல்லாமல் படித்தார். பறவைகள் மட்டும்தான் தெரியவில்லை. அமாவாசையன்று மதில்மேல் வைத்த சோறு பருக்கை பருக்கையாகக் குறைந்து, இலை மட்டும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேம்ப் ரோடு கோழிக்கடையில் காலிக் கூண்டுக்குள் கடைக்காரர் கையை விட்டு வெற்றுக் கையை வெளியே எடுத்து முறுக்குவார். கத்தி விழுந்த பிறகு இறைச்சி தெரியும். முட்டை தெரியும். உதிர்ந்த இறகு தெரியும். பறவை போடும் எச்சம் தெரியும். உயிரோடிருப்பதும், படமாகவோ சிலையாகவோ பஞ்சடைத்தோ இருப்பதும் தெரியாது. கூடத்துக் காலண்டரில் முருகன் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி அலமாரியில் நாற்பத்துமூன்று மரக்கட்டைகள் பெயர்ச்சீட்டோடு நின்றன. நோட்டுப் புத்தகங்களில் அவர் வரைந்திருந்த கோரைப் புல்லும் தண்ணீர்க் கோடுகளும் இருந்தன, நடுவில் வெள்ளைத் தாள். ஹேமாவதி அவரைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனாள். குகைக்குள் நரசிம்மர் நன்றாகத் தெரிந்தார். எதிரே திரும்பிப் பார்த்தால் கருடன் இருக்க வேண்டிய மாடத்தில் ஒரு துளசி மாலை யார் கழுத்திலும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சகர் அதற்குத் தீபம் காட்டினார். அரிகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். ஹேமாவதி அவரை நம்பவில்லை. திட்டுக்குப் போக முடியாத குற்ற உணர்ச்சியில் இப்படிச் சொல்கிறார் என்று தன் அண்ணனிடம் சொன்னாள்.

ஜூலையில் கோர்ட்டில் அறிக்கை வாசிக்கப்பட்டது. கம்பெனி வக்கீல், அரிகிருஷ்ணன் குப்பத்துக்காரர்களுக்கே வேண்டியவர், அவரே இப்படி எழுதியிருக்கிறார் என்று சுட்டிக் காட்டினார். அரை மணியில் வழக்கு தள்ளுபடியானது. வெளியே வராந்தாவில் ஜோதிலட்சுமி அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டாள்.

"அண்ணா, நெசமாவே உனுக்கு ஒண்ணும் தெர்லியா?"

"எதுவும் தெரியல ஜோதி" என்றார் அரிகிருஷ்ணன்.

அது சத்தியமான பேச்சு. பொய் எழுதியவனுக்கு இப்போது அதுவே உண்மையாகிவிட்டது என்பதில் அவருக்கு ஒரு கணம் ஆறுதல்கூட ஏற்பட்டது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அவர் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டார். ஜோதிலட்சுமி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டு வேப்பமரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு அவள் தாமோதரனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

லாரிகள் ஐந்து மாதம் மண் கொட்டின. திட்டைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குச் சுவர் எழும்பியது. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். அனகாபுத்தூரில் அடையாற்றுத் தண்ணீர் தறிகளுக்கு மேல் ஓடியதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சின்னத்திட்டுக்குப்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. மேற்கிலிருந்து வடிந்த தண்ணீர் வழக்கமாகப் போய்ப் படுக்கும் இடத்தைத் தேடிச் சுவரில் மோதி, சுவரைச் சுற்றிக்கொண்டு குப்பத்துக்குள் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தாமோதரன் படகை இழுத்துக் கட்டப் போனான். அப்போதுதான் சுவர் உடைந்தது. மூன்றாம் நாள், கம்பெனி தோண்டி வைத்திருந்த அஸ்திவாரக் குழியில் படகும் அவனும் அருகருகே மிதந்தார்கள். அரிகிருஷ்ணன் பதினாறாம் நாள் போனார். ஜோதிலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க சார், ஒக்காருங்க" என்றாள். ஆறு வருடமாக அவரை அண்ணா என்று கூப்பிட்டவள். அவர் உட்காராமலே திரும்பி வந்தார்.

2018 ஆவணியில் அடுக்குமாடிகள் முடிந்தன. எட்டுக் கட்டடங்கள். விளம்பர ஏஜென்சி யோசனைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் இங்கிலீஷ் பெயர். மோகன்ராஜுக்கு அதில் ஒரு வீடு வந்தது. அதைத் தங்கைக்கே கொடுத்தார். ஹேமாவதிக்கு முழங்கால் தேய்ந்து சேலையூர் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தது. இங்கே லிஃப்ட் உண்டு. அரிகிருஷ்ணன் வரமாட்டேன் என்று ஒரு மாதம் சொன்னார். பிறகு வந்தார். ஏழாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. பன்னிரண்டாம் நாள் காலையில் ஹேமாவதி சோற்றுக் கிண்ணத்தோடு பால்கனியில் ரொம்ப நேரம் நின்றாள்.

"என்னங்க, காக்கா கத்துது. ஆனா ஒண்ணையும் காணோம். சோறு மட்டும் கொறையுது."

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் திரும்பிச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். முருகன் அந்தரத்தில் இருந்தார். அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, நாலு வருடமாக இப்படித்தான் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றார். தான் நம்பாததற்காக அவள் அழுதாள். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவர்கள் மிக நெருக்கமாக உட்கார்ந்திருந்தது அன்றுதான் என்று சொல்லலாம்.

அந்த மண்ணின் மேல் பதினோரு நாள் தங்கிய எல்லோருக்கும் அப்படி ஆயிற்று. அறுநூற்று நாற்பது வீடுகள், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். யாரும் கவனிக்கவில்லை. அரிகிருஷ்ணன் கதவு கதவாகப் போய்க் கேட்டார். கடைசியாக எப்போது ஒரு பறவையைப் பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு ஒருவராலும் நாள் சொல்ல முடியவில்லை. பால்கனியில் வலை அடித்த பிறகு புறாத் தொல்லை அடியோடு நின்றுவிட்டதென்று ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் வலைக் கம்பெனியைப் பாராட்டினார். ஐந்தாம் மாடியில் ஒரு குழந்தை காக்கை படத்துக்குக் காது வரைந்திருந்தது. டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். காலையும் மாலையும் கேட்கிற கூச்சல் கிளப் ஹவுஸ் ஸ்பீக்கரில் போடும் இயற்கை இசை என்று எல்லோரும் நினைத்தார்கள். சத்தத்தைக் குறைக்கும்படி சிலர் மெயில் அனுப்பினார்கள். ஆவன செய்வதாக அலுவலகத்திலிருந்து பதில் போயிற்று.

ஜோதிலட்சுமி அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். இறால் தடவிய தண்ணீர் இல்லை, வலை வீசிய ஆள் இல்லை, வேறு வேலை அருகில் இல்லை. காலை ஆறு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் குப்பத்துக்குத் திரும்பிவிடுவாள். அங்கே இரவு தங்காததால் அவள் கண்ணுக்குப் பறவைகள் எல்லாம் தெரிந்தன. அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அரிகிருஷ்ணனை லிஃப்டில் பார்த்தால் தலையசைத்து, துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துக்கொள்வாள்.

பார்க்க ஆளில்லாத இடத்தில் பயமில்லை என்று நீர்ப்பறவைகள் கண்டுகொண்டிருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்து அவை திரும்பி வந்தன. கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் உப்புத்தண்ணீர் ஊறிக் கணுக்கால் அளவுக்கு நின்றது. பம்பு வைத்து இறைத்தாலும் மறுநாள் ஏறியது. தூண்களில் வரிசையாக வெள்ளைக் கறை படிந்தது. மேல்மாடிச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று அங்கேயே குடியிருந்த எஞ்சினியர் சான்று கொடுத்து, வருடா வருடம் பெயின்ட் அடித்தார்கள். நீச்சல் குளத்தில் குழந்தைகள் நீந்தும்போது தொடையில் மெத்தென்று ஏதோ உரசிப் போவதாகச் சொன்னார்கள். தண்ணீரில் சூடும் குளிரும் மாறுகிறபோது அப்படித் தோன்றும் என்றார் அங்கேயே தங்கியிருந்த பயிற்சியாளர்.

சென்ற ஜனவரியில் ஒரு காலை, ஏழு மணி சுமாருக்கு, அரிகிருஷ்ணன் குளத்தருகே போனார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. காற்று இல்லை. குளத்தில் ஆளும் இல்லை. தண்ணீரின் மேல், விசிறிபோல் பின்னால் விரிந்துகொண்டே போகும் கோடுகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஐந்து கோடுகள் ஒன்றாகப் போயின. சற்றுத் தள்ளி ஆறாவது தனியாகப் போயிற்று. ஜோதிலட்சுமி மறுகரையில் ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிக்கொண்டு அவளிடம் போனார். பத்து வருடத்தில் அவராகப் போய் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஜோதி, தனியா ஒண்ணு போகுதே, அது எது? அதுதானா?"

அவள் நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அவள் கண்கள் எதையோ பின்தொடர்ந்து குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயின. போன இடத்தில் நின்றன. ஒரு கணம், புருஷன் உயிரோடிருந்த நாளில் தண்ணீரில் நின்று அவரைக் கூப்பிட்டவளின் முகம் அவளுக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

"கீது சார். எல்லாம் கீது."

"எதுன்னு மட்டும் சொல்லும்மா."

"சொன்னா நீ மறுபடியும் எழுதிக் குடுப்ப சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஈரத் தரையில் வழுக்கும், பார்த்துப் போங்கள் என்கிற தொனியில் சொன்னாள். அரிகிருஷ்ணன் அங்கேயே நின்றார். நீருக்குள் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஆறு கோடுகளும் படிக்கட்டின் பக்கம் வந்து அடங்கின. காய்ந்த ஓட்டின் மேல், அவர் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி, விரலிடைத் தோலோடு ஓர் ஈரக் காலடி பதிந்தது. பிறகு இன்னொன்று. ஜோதிலட்சுமி துணியைப் பிழிந்துகொண்டு, அவற்றின் மேல் படாமல் சுற்றித் துடைத்தாள்.

பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. ஒன்பதாவது விஷயமாக, குளத்துக்குப் போகும் வழியில் மேலிருந்து விழும் வெள்ளைத் திரவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெயின்ட் நீர்த்து ஒழுகுகிறது என்றார் ஒருவர். மெட்ரோ வேலையின் தூசு என்றார் இன்னொருவர். முப்பது வருடமாக எச்சம் பார்த்துப் பழகிய அரிகிருஷ்ணன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்பு ஒரு தடவை கதவு கதவாகப் போனவர் என்பதால் தலைவர் அவரைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா சார் என்று கேட்டார். ஹேமாவதி அவர் பக்கம் திரும்பினாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். குளத்து வாசலில் பொதுக் குடைகள் வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

குடைகள் மார்ச்சில் வந்தன. நீல நிறம், பெரியவர்களுக்கு ஓர் அளவு, குழந்தைகளுக்கு ஓர் அளவு. வெயில் கொளுத்தும் மாலைகளில், துளி மேகமில்லாத வானத்தின் கீழே, குழந்தைகள் நீச்சல் உடையில் வரிசையாகக் குடை பிடித்துக்கொண்டு குளத்துக்குப் போகிறார்கள். கரையில் மடக்கி வைத்துவிட்டுக் குதிக்கிறார்கள். மறுநாள் காலை அவற்றைக் கழுவி வெயிலில் விரித்து வைப்பது ஜோதிலட்சுமியின் வேலையோடு சேர்க்கப்பட்டிருக்கிறது.